அடுத்தவர் நிலத்தில் ஊன்றிய வேர்

ஜும்ஆக் குத்பாக்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் ஓர் உவமை உண்டு. இந்த உலகம் ஒரு வாடகை வீடு, மனிதன் அதில் குடியிருக்க வந்தவன், தவணை முடிந்ததும் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியவன் என்பது. அதன் உண்மையில் எனக்குச் சந்தேகமில்லை. உலகில் ஒரு வழிப்போக்கனைப் போல இருக்கும்படி நபி (ஸல்) அவர்கள் இப்னு உமருக்குச் செய்த உபதேசத்தின் சாரமும் அதுவே. ஆனால் ஓர் உவமை யாருடைய வாயிலிருந்து யாருடைய காதுக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 1990க்குப் பின்னர் புத்தளத்தின் கிடுகுக் கொட்டில்களில் இருந்தவர்களுக்கும் இதே உவமை ஆறுதலாகச் சொல்லப்பட்டது. எல்லாமே வாடகைதானே, போனதை நினைத்து ஏன் அழவேண்டும் என்று. சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் தானாகத் துறப்பவனும் பறிகொடுத்தவனும் ஒருவரல்லர். மக்கா வெற்றியின்போது எங்கே தங்கப்போகிறீர்கள் என்று கேட்கப்பட்ட நபியவர்கள், அகீல் நமக்கு ஒரு வீட்டையாவது விட்டுவைத்தாரா என்ற கருத்தில் ஒரு கேள்வியோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டுக் கூடாரத்தில் தங்கினார்கள். வென்று வந்தவரின் விட்டுக்கொடுப்பு அது. தோற்று நிற்பவனிடம் போய் அதையே நீயும் செய் என்று சொல்வது உபதேசமாகாது.

நான் இங்கே பேச விரும்புவது அந்த உவமைக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு எண்ணத்தைப் பற்றி. குடியிருப்பவன் என்றால் உரிமையற்றவன், வீடும் வளவும் மரமும் சொந்தக்காரனுடையவை, குடியிருப்பவனுக்கு உள்ளது தவணை ஒன்றே என்ற எண்ணம். உலகத்தை வாடகை வீடு என்று சொல்லும்போது நாம் வாடகை வீட்டைப் பற்றியும் ஏதோ சொல்லிவிடுகிறோம். அது சரிதானா? ஓரிடத்தில் பத்து இருபது வருடம் வாடகைக்கு இருந்து, அதன் முற்றத்தைக் கூட்டி, கிணற்றை இறைத்து, மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியவனுக்கு அந்த இடத்தின் மீது ஏதேனும் பாத்தியதை உண்டா, இல்லையா? வெறும் தத்துவ விசாரமாகத் தோன்றலாம். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களில் ஒரு பகுதியினருக்கு ஊர் உண்டா இல்லையா என்பதை இந்தக் கேள்வியின் விடைதான் தீர்மானித்துக்கொண்டிருக்கிறது.

நான் சில வருடங்களாகக் கோண்டாவில் பக்கத்தில் வாடகைக்கு இருக்கிறேன். யாழ் பட்டணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியாலோ பலாலி வீதியாலோ வடக்கே போனால் கொக்குவில், திருநெல்வேலி, கோண்டாவில், இணுவில் என்று ஊர்கள் தொடரும். செம்மண் தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. ஆயினும் காலையில் மோட்டார் சைக்கிளிலும் பஸ்ஸிலும் புகையிரதத்திலும் பட்டணத்துக்கு வேலைக்குப் போய்ப் பொழுதுபட வீடு திரும்புகிறவர்களின் ஊர்களாகவே அவை பெரும்பாலும் ஆகிவிட்டன. சோனகதெருவின் ஒட்டிய சுவர்களுக்குள் வளர்ந்த எனக்கு முதலில் கண்ணில் பட்டது மரங்கள்தான். வீட்டுக்கு வீடு வேம்பு, மா, பலா, தென்னை, எல்லையில் பனை, வேலி நெடுகப் பூவரசங் கதியால். ஒழுங்கைக்குள் இறங்கினால் நண்பகலிலும் வெயில் துண்டு துண்டாகத்தான் கீழே விழும்.

இந்தப் பாதையில் புகையிரதம் 1990இல் நின்றது. யாழ்ப்பாணம் வரை 2014 ஒக்ரோபரிலும் காங்கேசன்துறை வரை 2015 ஜனவரியிலும் அது திரும்பி வந்தது. அதற்கு முந்திய காலத்தில் இந்த ஊர்களின் உத்தியோகத்தர்கள் பலர் கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ‘சமறி’ என்று சொல்லப்பட்ட கூட்டு வாடகை அறைகளில் இருந்துகொண்டு, விடுமுறைக்கு விடுமுறை மெயில் வண்டியில் ஏறி வந்து தங்கள் மாமரத்தின் கீழ் சாய்மனைக் கதிரையில் படுத்துவிட்டுப் போனார்கள். வாடகைக்கு இருக்கும் இடம் ஒன்று, ஊர் வேறொன்று என்பது அவர்களுக்கு ஒரு சங்கடமும் தராத ஏற்பாடு. ஊர் அங்கே காத்துக்கொண்டிருக்கிறது என்ற நிச்சயம் இருந்தது. அந்த நிச்சயம் இல்லாதவனுக்குத்தான் வாடகை வீடு ஒரு தத்துவப் பிரச்சினையாகிறது.

இப்போது அந்த வீடுகளில் பலவற்றின் சொந்தக்காரர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். வீட்டை உறவினர் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். வங்கி உத்தியோகத்தர்கள், பல்கலைக்கழகத்து விரிவுரையாளர்கள், வெளிமாவட்ட மாணவர்கள், மாற்றலாகி வந்த அரசாங்க ஊழியர்கள், என்னைப் போன்ற பட்டணத்துச் சோனகர்கள் என்று பலரும் அவற்றில் குடியிருக்கிறோம். ஒரு வளவைப் பார்த்தால் அதில் இருப்பது சொந்தக்காரரா வாடகைக்காரரா என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். வாடகைக்காரன் முருங்கைக் கொப்பு ஊன்றுவான், பப்பாசி போடுவான், வாழைக்குட்டி வைப்பான். ஒரு வருடத்துக்குள் பலன் தருவன எவையோ அவை. பலாக்கன்று வைக்கமாட்டான். பனங்கொட்டை புதைப்பது பற்றி நினைக்கவே மாட்டான். பனை முதற்பாளை விடுவதற்குள் பெற்ற பிள்ளை கலியாணம் முடித்துவிடும். மரத்தின் ஆயுளும் வாடகை ஒப்பந்தத்தின் ஆயுளும் வேறு வேறு. அந்த இடைவெளியில்தான் நமது கேள்வி நிற்கிறது.

நான் வீட்டுக்கு வந்தபோது சொந்தக்காரரின் தமக்கை, பக்கத்து வளவில் இருப்பவர், ஒரு விடயத்தை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். "தம்பி, மாங்காய் உங்கட பாடு. பிள்ளைகள் பிடுங்கித் தின்னட்டும். தேங்காய் மட்டும் நாங்கள் ஆள் விட்டுப் பிடுங்குவம். பலா பழுத்தால் ஒரு பாதி தாங்கோ." நான், "சரி அக்கா" என்றேன். எழுத்தில் இருந்த ஒப்பந்தத்தில் மரங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முற்பணம், மாத வாடகை, மின்கட்டணம், சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பதெல்லாம் இருந்தன. மரங்களின் சட்டம் வேலிக்கு மேலால் வாய்ப்பேச்சில் வந்தது. அது எழுதிய ஒப்பந்தத்தைவிட நியாயமாகவும் இருந்தது. தேங்காய் காசு, ஆகவே சொந்தக்காரருக்கு. மாங்காய் நாவுக்கு, ஆகவே இருப்பவனுக்கு. பலா இரண்டுக்கும் நடுவில், ஆகவே பாதி.

இந்த வாய்ப்பேச்சுக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. 1707இல் ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தளித்து, 1806இல் ஆங்கிலேயர் சட்டவலு கொடுத்த தேசவழமையில், ஒருவருடைய காணியில் இன்னொருவர் நட்ட மரத்தின் பயனை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு ஏற்பாடு உண்டு. காணி உன்னுடையது, ஆகவே அதில் முளைத்ததெல்லாம் உன்னுடையது என்று அந்த வழமை ஒரேயடியாகச் சொல்லிவிடவில்லை. நட்டவன் யார், கன்று யாருடையது, பார்த்து வளர்த்தவன் யார் என்று விசாரித்தது. மரத்துக்கும் மண்ணுக்கும் இரண்டு சொந்தக்காரர் இருக்கலாம் என்பதை முந்நூறு வருடங்களுக்கு முன்பே எங்கள் குடாநாட்டில் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். (இதைச் சொல்லிப் புளகாங்கிதமடைய நான் தயாரில்லை. அதே தேசவழமையில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. பழைய நூலொன்றில் இனிப்பானதை மட்டும் பொறுக்கித் தின்ன முடியாது.)

அதே வழமையின் இன்னொரு ஏற்பாடு ஒற்றி. கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியில் இருந்து அதன் பலனை அனுபவிப்பார், முதலைத் திருப்பிக் கொடுத்ததும் காணியை விடுவார். கடனால் இலாபம் பெறுவது ரிபா என்ற அடிப்படையில் நமது உலமாக்கள் இதை ஆட்சேபித்து வந்திருக்கிறார்கள். அந்த விவாதம் இங்கே வேண்டாம். வாடகைக்கும் சொந்தத்துக்கும் நடுவில் படிகள் இருந்தன என்பதைக் காட்டவே சொன்னேன். இன்றைய காகிதங்களில் அந்தப் படிகள் இல்லை. உறுதி வைத்திருப்பவர், உறுதி இல்லாதவர் என்று இரண்டே ஜாதி.

நமது ஃபிக்ஹ் என்ன சொல்கிறது? இஜாரா என்பது பயன்பாட்டின் விற்பனை. வாடகை கொடுப்பவன் வீட்டை வாங்கவில்லை. ஆனால் அந்த வீட்டின் பயனை அந்தத் தவணைக்கு வாங்கியிருக்கிறான், அந்தத் தவணைக்கு அது அவனுடைய சொத்து. ஆக, வாடகைக்காரனும் ஒருவகைச் சொந்தக்காரன்தான். உலகம் வாடகை வீடு என்ற உவமையை இந்த வெளிச்சத்தில் திரும்பப் படித்தால் அதன் பொருள் மாறிவிடுகிறது. நாம் ஒன்றுமற்றவர்கள் என்பது அதன் பொருளல்ல. நமது பயன்பாட்டுக்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லைக்குள் அதை எவரும் பறிக்க முடியாது என்பதும் அதற்குள் இருக்கிறது.

நடுகையைப் பற்றி இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. பிறர் நிலத்தில் அநியாயமாக ஊன்றப்பட்ட வேருக்கு எந்த உரிமையும் கிடையாது என்ற கருத்தில் ஒரு நபிமொழி அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. ‘அநியாய வேர்’ என்ற அந்தச் சொற்சேர்க்கை என்னை நெடுநாள் பிடித்து வைத்திருக்கிறது. அநியாய வேர் என்று ஒன்றைத் தனியாகப் பிரித்துப் பேசினால், நியாயமான வேர் என்று ஒன்றும் இருக்கவேண்டும் அல்லவா? சொந்தக்காரரின் சம்மதத்தோடு, அவர் கண் முன்னால், வாடகை கொடுத்துக்கொண்டு ஊன்றிய வேர். அதற்கு உரிமை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. நடுவதற்கென்றே குத்தகைக்கு விட்ட நிலத்தின் தவணை முடிந்தால், நட்டவனின் உழைப்பைச் சும்மா விழுங்கிவிட ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் நிலச் சொந்தக்காரருக்கு அனுமதி தரவில்லை. மரத்தின் பெறுமதியைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம், பிடுங்கச் சொன்னால் நட்டத்தை ஈடுசெய்யவேண்டும், அல்லது வாடகை பெற்றுக்கொண்டு நிற்க விடலாம். வாடகை வீட்டின் முற்றத்துப் பலா அப்படியே இந்த விதிக்குள் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. விதியின் பின்னாலிருக்கும் மனம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்த மனத்தை மதீனாவில் இன்னும் தெளிவாகக் காணலாம். முஹாஜிர்கள் வந்து சேர்ந்தபோது, எங்கள் பேரீச்சந் தோப்புகளை எங்களுக்கும் எங்கள் சகோதரர்களுக்கும் பங்கிட்டுத் தாருங்கள் என்று அன்சாரிகள் கேட்டார்கள். நபியவர்கள் இணங்கவில்லை. தோப்பு உங்களுடையதாகவே இருக்கட்டும் என்றாயிற்று. பிறகு அன்சாரிகளே ஒரு வழி சொன்னார்கள். முஹாஜிர்கள் மரங்களைப் பராமரிக்கட்டும், விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்வோம். புஹாரியில் உள்ள இந்தச் செய்தியை உபந்நியாசங்களில் அன்சாரிகளின் தியாகத்துக்கு உதாரணமாகவே கேட்டிருக்கிறோம். தியாகம் உண்மை. ஆனால் அதற்குள் ஒரு குடியிருப்புச் சட்டமும் இருக்கிறது. மண் கொடுத்தவருக்கே, பலன் உழைத்தவருக்கும். எங்கள் தேசவழமையின் பங்கீட்டுக்கு இது எவ்வளவு கிட்டத்தில் வருகிறது!

இரண்டாவது சம்பவம் அவ்வளவு அறியப்பட்டதல்ல. அனஸ் (ரழி) அவர்களின் குடும்பம் நபியவர்களுக்குச் சில பேரீச்ச மரங்களைப் பயன்பெறக் கொடுத்திருந்தது. அவர்கள் அவற்றைத் தம்மை வளர்த்த உம்மு ஐமனுக்குக் கொடுத்திருந்தார்கள். பின்னர் நிலங்கள் கிடைத்து முஹாஜிர்கள் தம் காலில் நிற்கத் தொடங்கியபோது மரங்கள் திருப்பிக் கொடுக்கப்பட்டன. அனஸின் குடும்பமும் தங்கள் மரங்களைக் கேட்டது. உம்மு ஐமன் ஒத்துக்கொள்ளவில்லை. வந்து, சிறுவரான அனஸின் கழுத்தில் துணியைப் போட்டுப் பிடித்துக்கொண்டு, தரமாட்டேன், இவை எனக்குத் தரப்பட்டவை என்று நின்றார். சட்டப்படி அவர் பக்கம் நியாயமில்லை. அவை இரவல் மரங்கள். நபியவர்கள் அவருக்குச் சட்டத்தை விளக்கவில்லை, அதட்டவுமில்லை. உனக்கு இவ்வளவு தருகிறேன், இன்னும் இவ்வளவு தருகிறேன் என்று ஏற்றிக்கொண்டே போய், ஏறத்தாழப் பத்து மடங்கு வரை கொடுத்து அவரை இணங்கச் செய்தார்கள். மரம் உரியவரிடம் போயிற்று. அதே நேரத்தில், அந்த மரங்களோடு வருடக்கணக்கில் வாழ்ந்த பெண்ணின் பற்றுக்கும் ஒரு விலை இருக்கிறது, அதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பதும் நிலைநாட்டப்பட்டது. உறுதியும் குடியிருப்பும் இரண்டு வேறு உரிமைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. ஒன்றை நிறைவேற்ற மற்றதை மிதிக்கவேண்டியதில்லை.

இனி எங்கள் கதைக்கு வரலாம். 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் எழுபதாயிரத்துக்கும் அதிகம். பெரும்பான்மையோர் புத்தளம் மாவட்டத்தில் போய்த் தங்கினார்கள். தில்லையடி, பாலாவி, ஆலங்குடா, கற்பிட்டி என்று தென்னந்தோப்புகளுக்குள் கொட்டில்கள் எழுந்தன. தோப்புகளைத் திறந்துவிட்டவர்கள் உள்ளூர் முஸ்லிம்கள். அவர்களை அன்சாரிகள் என்று அழைத்ததில் மிகையில்லை. ஆனால் மதீனாவில் சொல்லப்பட்ட அந்த இரண்டாவது வாக்கியம் இங்கே சொல்லப்படவில்லை. நிழல் கிடைத்தது. பலனில் பங்கு என்ற ஒழுங்கு ஏற்படவில்லை. தலைக்கு மேலே தேங்காய் தொங்க, சம்பலுக்குத் தேங்காயைக் கடையில் வாங்கிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அவை. வருடங்கள் நீள நீள விருந்தாளி பாரமானார், தோப்புக்காரர் முகம் சுழித்தார். யாரையும் குற்றம் சொல்ல இது எழுதப்படவில்லை. விருந்தோம்பலுக்குத் தவணை உண்டு. தவணை தாண்டினால் அதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதைத்தான் அந்தப் பேரீச்சந் தோப்பு ஒப்பந்தம் கற்றுத்தந்தது, நாம் அதைத் தியாகக் கதையாக மட்டும் படித்துவிட்டோம்.

2002இல் யுத்தநிறுத்தம் வந்ததும் சிலர் திரும்பி வந்து பார்த்தார்கள். 2006இல் ஏ9 பாதை மீண்டும் மூடுண்டது. 2009க்குப் பின்னர்தான் ஓரளவு மீள்வருகை தொடங்கியது. வந்தவர்கள் கண்டது கூரையில்லாத சுவர்களையும், சுவருக்குள்ளே முளைத்து ஆளுயரம் தாண்டிய ஆலையும் அரசையும். அவர்களில் உறுதி வைத்திருந்தவர்களின் பாடு பெரும்பாடுதான். ஒரு குடும்பமாகப் போனது நான்கு குடும்பமாகத் திரும்பியது, ஒரு சிறு வளவை நான்காகப் பிரிக்க முடியாது. ஆயினும் அவர்களுக்குக் கையில் ஒரு காகிதம் இருந்தது. சட்டமும் பிந்தியாவது அவர்கள் பக்கம் வந்தது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, எதிராளியாகப் பத்து வருடம் ஒரு காணியில் இருந்தவர் அதற்கு உரிமை கோரலாம். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை, ஆயுதக்குழுக்களின் செயற்பாடுகளால் தம் உரிமையைக் கோர முடியாதிருந்தவர்களுக்கு எதிராகக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றது. பலவந்தத்தால் ஓடிய காலம் காலமல்ல என்று ஒரு பாராளுமன்றம் சொன்னது சிறிய விடயமல்ல.

ஆனால் அந்தச் சட்டம் யாருக்கு? காணி உள்ளவருக்கு. 1990இல் பட்டணத்தில் வாடகைக்கு இருந்த தையல்காரர், இரும்புக்கடை உதவியாள், மாட்டிறைச்சிக்கடைத் தொழிலாளி, விதவைத் தாய் ஆகியோர் எதற்கு உரிமை கோருவது? அதே தெருவில் முப்பது வருடம், அதே பள்ளிவாசலில் ஐவேளை, அதே ஒஸ்மானியாக் கல்லூரியில் ஐந்து பிள்ளைகள். வெளியேற்றிய துப்பாக்கி, உன்னிடம் உறுதி இருக்கிறதா என்று கேட்கவில்லை. திரும்பி வரும்போது மட்டும் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. வெளியேற்றத்துக்கு அவர் யாழ்ப்பாணத்தவர், மீள்குடியேற்றத்துக்கு அவர் காணியற்றவர்.

இந்த அநீதியை உலகம் அறியாமலில்லை. 2005இல் பவுலோ செர்ஜியோ பின்ஹெய்ரோ தயாரித்து ஐக்கிய நாடுகள் சபையின் துணை ஆணைக்குழு ஏற்றுக்கொண்ட வீடு, காணி மீளளிப்புக் கோட்பாடுகளில் வாடகைக்காரருக்கும் சொந்தக்காரரல்லாத ஏனையோருக்கும் தனியாக ஒரு கோட்பாடு உண்டு, பதினாறாவது. அது காகிதத்தோடு நின்றுவிட்ட ஆசையுமல்ல. பொஸ்னியாவில் யுத்தத்துக்கு முன் நகரங்களின் தொடர்மாடி வீடுகளில் பெருந்தொகையானோர் சொந்தக்காரராக அல்ல, குடியிருப்புரிமை பெற்றவராகவே இருந்தார்கள். 1995 டேற்றன் உடன்படிக்கையின் பின்னர், விரட்டப்பட்டவர்களுக்கு வீடுகளைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தக் குடியிருப்புரிமையும் உரிமையாகக் கணிக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் வீடுகள் அங்கே திருப்பிக் கொடுக்கப்பட்டன. அங்கே இருந்தது சோசலிச அரசின் வீடு, இங்கே இருப்பது தனியாரின் வீடு, ஆகவே ஒப்பிட முடியாது என்று ஒரு சட்டத்தரணி நண்பர் சொன்னார். ஒத்துக்கொள்கிறேன். தனியாரின் வீட்டைப் பிடுங்கிப் பழைய வாடகைக்காரனுக்குக் கொடுக்கும்படி நான் கேட்கவில்லை. அது அநியாய வேராகிவிடும். வாடகைக்கு இருந்த மனிதன் அந்த ஊரின் மனிதன் என்று பதிவதற்கு, ஊருக்குள் ஓர் இடத்துக்கு அவனும் உரித்தானவன் என்று கொள்வதற்கு, சோசலிசம் தேவையில்லை.

சொந்தக்காரரின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடவேண்டும். வாடகைக்காரன் எப்போதும் ஏழை, சொந்தக்காரன் எப்போதும் பண்ணையார் என்பது சினிமாக் கணக்கு. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தை நிழலாக வைத்துக்கொண்டு அற்ப வாடகையில் கடைகளை விடாமல் பிடித்திருந்த செல்வந்தர்களை நாட்டின் எந்தப் பட்டணத்திலும் காணலாம். வக்ஃபுச் சொத்தில் குடியிருந்து அதையே மேல்வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தவர்கள் நமது சமூகத்திலேயே உண்டு. அவர்களுக்கும் ‘குடியிருப்பின் உரிமை’ என்று நான் பேசப்போவதில்லை. மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியவனுக்குத்தான் மரத்தைப் பற்றிப் பேச வாயுண்டு.

இன்னும் கடினமான ஒன்று இருக்கிறது. நாம் போன பின்னர் நமது வீடுகளில் வந்து குடியிருந்தவர்கள் யார்? பலர் வலிகாமம் வடக்கிலிருந்தும் தீவுகளிலிருந்தும் துரத்தப்பட்டு வந்த ஏழைத் தமிழர்கள். 1995இல், அதே ஒக்ரோபர் 30ஆம் திகதி, வலிகாமம் முழுவதுமே கால்நடையாகத் தென்மராட்சி நோக்கிப் போனது. அதைத் தண்டனை என்று சொன்னவர்கள் நம்மில் இருந்தார்கள். அந்த மழை இரவில் செம்மணி வெளியில் தாயின் தோளில் கிடந்த குழந்தை எங்களை வெளியேற்றவில்லை. அல்லாஹ்வின் நீதியை அவ்வளவு மலிவாக விளங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. அந்த அகதிகள் நமது வீட்டு முற்றத்தைக் கூட்டினார்கள், நமது கிணற்றில் அள்ளினார்கள். சிலர் முருங்கையும் நட்டிருப்பார்கள். நாம் திரும்பி வந்து வீட்டைக் கேட்டது நியாயம். வெளியே போகச் சொன்னபோது உம்மு ஐமனுக்குக் கிடைத்தது போன்ற ஏதாவது ஒன்று அவர்களுக்கு அரசிடமிருந்து கிடைத்திருக்க வேண்டும் என்று நாம் கேட்டோமா?

அவர்களுக்கும் நம்மவருக்கும் உள்ள ஒற்றுமை இதைவிட ஆழமானது. வலிகாமம் வடக்கில் இராணுவம் பிடித்த காணிகள் கட்டம் கட்டமாக விடுபட்டபோது உறுதி உள்ளவர்கள் போய்த் தங்கள் எல்லைக்கல்லைத் தேடினார்கள். ஆனால் மல்லாகம், கோணப்புலம் போன்ற முகாம்களில் கடைசிவரை கிடந்தவர்களில் சொந்தக் காணியே இல்லாதவர்கள் பலர். பிறர் காணியில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து, அந்தக் காணிக்காரருக்கே உழைத்து, சாதியால் காணி மறுக்கப்பட்டவர்கள். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையை நம்பி வந்து வாடகைக்கு இருந்தவர்களின் கதையும் இதுவே. 1990இல் தொழிற்சாலை நின்றது, முகவரியும் நின்றது. சோனகதெருவின் வாடகைக்காரரும் மல்லாகம் முகாம்காரரும் ஒரே வரிசையில் நிற்பவர்கள் என்பது இரண்டு பக்கத்து அரசியல்வாதிகளுக்கும் வசதியான உண்மையல்ல. ஒருவர் முஸ்லிம்களுக்கான மீள்குடியேற்றம் என்றும் மற்றவர் தமிழர் காணி என்றும் பேசிக்கொண்டிருக்க, இரண்டு பேச்சிலும் உறுதி இல்லாதவர் இல்லை.

ஆக, வாடகைக்கு இருந்தவனின் உரிமையை எதைக் கொண்டு அளப்பது என்பது மிச்சமிருக்கிறது. உறுதி ஒரு சாட்சியம் என்றால் குடியிருப்புக்கும் சாட்சியங்கள் உண்டு, தேடினால் ஏராளம். பள்ளிவாசலின் நிக்காஹ் பதிவேடு, பாடசாலையின் வரவுப் புத்தகம், பழைய வாக்காளர் இடாப்பு, கூப்பன் புத்தகம், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், மையவாடியில் வாப்பாவின் கப்று. பத்து வருடம் எதிராளியாக இருந்தவனுக்குக் காணியே உரிமையாகலாம் என்று சொல்லும் சட்டம், முப்பது வருடம் ஒழுங்காக வாடகை கொடுத்து இருந்தவனுக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்வதன் விசித்திரத்தை யோசித்துப் பாருங்கள். அத்துமீறியவனுக்குக் கிடைப்பது, அனுமதியோடு இருந்தவனுக்கு அந்த அனுமதியினாலேயே கிடைக்காமல் போகிறது. சட்டக் கல்லூரியில் இதற்குத் தக்க காரணம் சொல்லித்தருவார்கள், அது சரியாகவும் இருக்கும். அறத்தின் முன்னால் அது எப்படி நிற்கும் என்பது வேறு விடயம்.

ஐந்து சந்திக்குப் பக்கத்தில் ஓர் உம்மாவை எனக்குத் தெரியும். வாடகை அறையொன்றில் பேத்தியோடு இருக்கிறார். 1990க்கு முன்னர் அவர் குடும்பம் வாடகைக்கு இருந்த வளவில் இப்போது இரண்டு மாடிக் கட்டடம். பின்பக்கத்து மதிலோரம் மாதுளை ஒன்று நிற்கிறது, தான் வைத்தது என்கிறார், அந்தப் பக்கம் போகும்போது எட்டிப் பார்ப்பார். வீட்டுத்திட்டத்துக்கான விண்ணப்பத்தை நிரப்பித் தரும்படி ஒரு நாள் என்னிடம் கொண்டுவந்தார். சொப்பிங் பையொன்றுக்குள் எல்லாம் ஒழுங்காக மடித்து வைத்திருந்தார். ஆறு பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், எல்லாவற்றிலும் யாழ்ப்பாணம். இரண்டு மகள்மாரின் பாடசாலை விடுகைப் பத்திரங்கள். புருஷனின் மரணப் பத்திரம், அதில் மட்டும் புத்தளம். 1980களின் வாடகைப் பற்றுச்சீட்டுகள் நான்கு, மை மங்கியிருந்தாலும் தெருப்பெயரை வாசிக்க முடிந்தது. எல்லாக் கூடுகளையும் நிரப்பி முடித்தேன். காணி உறுதி இலக்கம் என்ற கூட்டில் என்ன எழுதுவது என்று கேட்டேன். பற்றுச்சீட்டுகளை எடுத்து என் முன்னால் வைத்து, "இதில இருக்கிற நம்பர எழுதுங்க மகன்" என்றார்.